சிர்ரஸ் எஸ்ஆர்22க்கு முன்பணம் கட்டியாயிற்று, டெலிவரிக்கு 14 மாதம்: அதுவரை என்ன செய்ய வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் இதுதான்: டாலஸ் பக்கம் வேலை. எச்1பி விசா, கிரீன் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை. பிரைவேட் பைலட் லைசென்ஸ் இருக்கிறது. பறந்தது 125 மணி நேரம், முழுக்க செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க வேண்டிய தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லை. சிர்ரஸ் கம்பெனியின் ஒற்றை எஞ்சின் சிறு விமானம், புது எஸ்ஆர்22க்கு முன்பணம் கட்டியாயிற்று, 14 மாதத்தில் டெலிவரி என்கிறார்கள். அதுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வேலை உண்டா?

நிறைய உண்டு. அதில் சில வேலைகளை இந்த வாரமே தொடங்காவிட்டால் 14 மாதம் போதாது. விமானம் தயாராகி நிற்கும், நீங்கள் தயாராக இருக்க மாட்டீர்கள். புது விமானம் வாங்குபவர்களிடம் அடிக்கடி நடப்பது இது.

முதலில் அந்த 14 மாதக் கணக்கைப் பற்றி. அதை உத்தேசமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிர்ரஸின் காம்போசிட் (இழைக் கலவை) பாகங்கள் வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் தயாராகி, மின்னசோட்டாவின் டுலூத்தில் முழு விமானமாகச் சேர்கின்றன. எஞ்சின் கான்டினென்டல் நிறுவனத்திலிருந்தும், காக்பிட் திரைகள் கார்மினிலிருந்தும் வருகின்றன. இதில் எந்தக் கண்ணி தடுமாறினாலும் உங்கள் தேதி நகரும். 2023 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். கான்டினென்டல் எஞ்சின்கள் சிலவற்றின் கிராங்க்‌ஷாஃப்டில் எதிர் எடையைப் பிடித்து வைக்கும் வளையம் சரியாக உட்காரவில்லை என்று தெரிந்தது. கம்பெனி கட்டாய சர்வீஸ் புல்லட்டின் விட்டது, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ அதன்மேல் அவசரமாக உத்தரவு போட்டது. சிர்ரஸ் தன் கையிலிருந்த விமானங்களையே பறக்கவிடாமல் நிறுத்தி வைத்தது. அந்த வாரம் டெலிவரிக்கு நாள் குறித்திருந்தவர்கள் தப்பு ஏதும் செய்யவில்லை.

ஆகவே ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: டெலிவரி மூன்று மாதம் தள்ளிப் போனால் உடைந்துபோகும் எதையும் அந்தத் தேதியோடு முடிச்சுப் போடாதீர்கள். கடன் வட்டி, வரி ஆண்டு, ஹேங்கர் வாடகை, விடுப்பு, பழைய விமானத்தில் பங்கு இருந்தால் அதன் விற்பனை என்று எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இனி வேலைகளுக்கு வருவோம். அதிக காலம் பிடிப்பது நீங்கள்தான், விமானம் இல்லை.

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லாமல் எஸ்ஆர்22 வாங்கலாம், ஓட்டலாம், சட்டம் தடுக்காது. ஆனால் இன்சூரன்ஸ்காரர் முகம் சுளிப்பார், பாதி நாள் மேகத்துக்காக விமானம் ஹேங்கரிலேயே கிடக்கும். எஃப்ஏஏ கேட்பது: பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டாக, 50 மணி நேரம் கிராஸ்-கன்ட்ரி (தொலைதூரப் பறப்பு), நிஜ மேகத்திலோ கண்ணை மறைக்கும் ஹூட் போட்டோ 40 மணி நேரம் இன்ஸ்ட்ருமென்ட் பறப்பு, அதில் 15 மணி நேரமாவது தகுதியுள்ள பயிற்சியாளருடன், 250 நாட்டிகல் மைல் கொண்ட ஒரு நீண்ட பயிற்சிப் பறப்பு, எழுத்துத் தேர்வு, கடைசியில் செக்ரைடு எனும் பறப்புத் தேர்வு. 125 மணி நேரக்காரர்களுக்கு வழக்கமாக இடிப்பது அந்த 50 மணி நேரம். ஊர்ப் பக்கமே சுற்றி வந்த நேரம் கணக்கில் சேராது. புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிகல் மைலுக்கு மேல் தள்ளியுள்ள விமான நிலையத்தில் இறங்கியிருக்க வேண்டும். இன்றே லாக்புக்கை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். குறைவாக இருந்தால் வார இறுதிகளில் தூரம் போய்வரத் தொடங்குங்கள்.

எழுத்துத் தேர்வின் முடிவு 24 காலண்டர் மாதம் செல்லும். முதல் இரண்டு மாதத்திலேயே எழுதிவிடலாம். செக்ரைடு எடுக்கும் தேர்வாளர் கிடைப்பதுதான் பெரும்பாடு. பல ஊர்களில் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி முடிந்த பிறகு நாள் கேட்காதீர்கள், பாதியிலேயே கேட்டு வையுங்கள்.

எச்1பியில் இருப்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏவின் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவரும் இதில் குடிமகன் அல்லாதவர்தான். பிரைவேட் லைசென்ஸுக்கு முன்பு வாங்கியிருப்பீர்கள், ஆனால் அது இதற்கும் செல்லும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பயிற்சிப் பள்ளியைப் பதிவைச் சரிபார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் பயிற்சி கொடுத்தால் பள்ளிக்கும் சிக்கல், அதனால் நல்ல பள்ளியே முதலில் இதைத்தான் கேட்கும்.

எந்த விமானத்தில் கற்பது? கட்டுப்படியானால் வாடகை எஸ்ஆர்20 (சிர்ரஸின் சிறிய எஞ்சின் மாடல்) அல்லது எஸ்ஆர்22. 172ல் கற்றால் செலவு குறைவு, ஆனால் பழக்கம் வேறு. 172 சுமார் 120 நாட் வேகத்தில் போகும். எஸ்ஆர்22 அதன் ஒன்றரை மடங்கு. கிட்டத்தட்ட நிமிடத்துக்கு மூன்று நாட்டிகல் மைல். அப்ரோச்சுக்கு, அதாவது தரையிறங்க ஓடுதளத்தை நெருங்குவதற்கு, தயாராகும் நேரம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். 310 குதிரைத்திறன் என்பதால் 200க்கு மேற்பட்ட எஞ்சினுக்கான ஹை பெர்ஃபார்மன்ஸ் ஒப்புதல் கையெழுத்து லாக்புக்கில் வேண்டும். முன்சக்கரம் பெடலோடு இணைக்கப்படாமல் தானாகத் திரும்பும் வகை. தரையில் திருப்புவது ஒருபக்க பிரேக்கால். 172லிருந்து வருபவர்கள் டாக்ஸி செய்யும்போது பவரைக் கூட்டிவைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே போவார்கள். பிரேக் சூடேறி, உள்ளே சீல் கெட்டு, ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. தரையிறங்கும்போது வேகம் அதிகமாக வந்து, முன்சக்கரம் முதலில் பட்டுத் துள்ளி, இரண்டாம் மூன்றாம் துள்ளலில் ப்ரொப்பெல்லர் ஓடுதளத்தில் இடிப்பது இந்த ரகத்தில் அடிக்கடி நடக்கும் சேதம். முதல் துள்ளலிலேயே பவர் கொடுத்து மேலே போய்விட வேண்டும். அப்போது 310 குதிரைத்திறன் மூக்கை இடப்பக்கம் இழுக்கும், வலது காலால் அழுத்தமாக மிதிக்க வேண்டும். இதெல்லாம் வாடகை விமானத்தில் கைக்குப் பழகிவிட வேண்டியவை. ஏன் உங்கள் புது விமானத்தில் பழகக் கூடாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாராசூட்டையும் பயிற்சிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கிறது என்ற தைரியத்தில் வாங்கிவிட்டு, எப்போது இழுப்பது என்று முடிவு செய்யாமலே பறப்பவர்கள் இருக்கிறார்கள். புறப்பட்ட பிறகு 600 அடியிலிருந்து 2,000 அடிக்குள் எஞ்சின் நின்றால் யோசிக்காமல் இழு. அதற்கு மேலே நேரம் இருந்தால் சரிசெய்து பார். இப்போதைய மாடலுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான். ஒவ்வொரு டேக்ஆஃபிலும் அந்த உயரங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

அடுத்தது, உங்கள் நிலையில் மிக முக்கியமான சிக்கல்: விமானம் யார் பெயரில் பதிவாகும்?

அமெரிக்காவில் ‘என்’ (N) எழுத்தில் தொடங்கும் பதிவு எண் வேண்டுமானால் உரிமையாளர் குடிமகனாகவோ நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவராகவோ இருக்க வேண்டும். எச்1பி போதாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பதும் போதாது. உங்கள் பெயரில் எல்எல்சி (சிறு தனியார் நிறுவனம்) தொடங்கி அதன் பெயரில் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள்; எல்எல்சியின் முதலாளி நீங்களே என்றால் அதுவும் அமெரிக்கக் குடிமகன் ஆகாது. நிறுவனம் என்றால் ஓட்டுரிமையில் 75 சதவீதம் குடிமக்கள் கையில் இருக்க வேண்டும், தலைவரும் இயக்குநர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் குடிமக்களாக இருக்க வேண்டும். விமானத்தின் பறக்கும் நேரத்தில் 60 சதவீதமாவது அமெரிக்காவுக்குள் என்று காட்டி வெளிநாட்டவர் கையிலுள்ள கார்ப்பரேஷன் பதிவு செய்யும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் பலர் போகும் வழி டிரஸ்ட். தகுதியுள்ள டிரஸ்டி ஒருவர் பெயரில் பதிவு, பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு. ஆண்டுக் கட்டணம் உண்டு, ஆவணங்களை எஃப்ஏஏ பதிவகம் பார்த்துக் கேள்வி கேட்கும், கடன் கொடுக்கும் வங்கியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் டிரஸ்ட் என்றால் சம்மதிக்குமா என்பதை முன்பே கேட்க வேண்டும். டெலிவரிக்கு ஆறு மாதம் முன்பே விமானச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பிடித்துவிடுங்கள். இதற்கிடையில் கிரீன் கார்டு வந்துவிட்டால் நல்லது, டிரஸ்ட் தேவையில்லை. வரும் என்று நம்பி ஏற்பாடு செய்யாமல் இருப்பதுதான் கூடாது.

பதிவு எண்ணையும் இப்போதே பார்க்கலாம். பிடித்த எண்ணை எஃப்ஏஏ இணையதளத்தில் ஆண்டுக்கு 10 டாலர் கட்டி ஒதுக்கி வைக்கலாம். N எழுத்துக்குப் பின் எண்களும் எழுத்துகளுமாக அதிகபட்சம் ஐந்து. பூஜ்யத்தில் தொடங்கக் கூடாது. ஆங்கில எழுத்து வேண்டுமானால் கடைசியில் ஒன்றோ இரண்டோ மட்டும். ஐயும் (I) ஓவும் (O) கிடையாது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். ஒதுக்கிய எண்ணை விமானத்துக்கு மாற்ற பதிவகத்தின் அனுமதி வேண்டும், அது ஒக்லஹோமா சிட்டியில் ஆமை வேகத்தில் நகரும் காகிதம். பெயின்ட் அடிப்பதற்கு முன் எண் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். கடைசி நாள் எது என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எண்ணைப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்றால், 12 அங்குல எழுத்துகளைச் சுரண்டி மறுபடி ஒட்டுவதோடு வேலை முடியாது. ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பான்டர் கருவி வெளியிடும் 24 பிட் அடையாளக் குறி பதிவு எண்ணிலிருந்தே வருகிறது. எண் மாறினால் அதையும் மாற்ற வேண்டும், ஆபத்துக்கால ஒலிபரப்பியின் குறியையும் பார்க்க வேண்டும், பறக்கத் தகுதி உண்டு என்னும் ஏர்வொர்தினஸ் சான்றிதழையும் திருத்த வேண்டும். டிரான்ஸ்பான்டரில் பழைய குறியை விட்டுவிட்டால் ரேடாரில் வேறு விமானமாகத் தெரிவீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், ஆனாலும் மறுபடி எடுத்துப் படியுங்கள். நான்கு இடங்களில் அடிக்கோடு போட வேண்டும். விலை இன்றைய விலையா, டெலிவரி நாளின் விலையா, விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் என்ற பிரிவு இருக்கிறதா. அடுத்த தவணை முன்பணம் எப்போது, எது முதல் திரும்பக் கிடைக்காது. தாமதத்துக்கு அவர்கள் பொறுப்பேற்காத காரணங்கள் எவை, எத்தனை நாள் தாமதம் ஆனால் நீங்கள் விலகலாம். நடுவில் புது மாடல் வந்தால் உங்களுக்கு எது கிடைக்கும். கடைசியாகச் சொன்னது கற்பனைக் கேள்வி இல்லை. 2024 ஜனவரியில் ஏழாம் தலைமுறை மாடலான ஜி7 வந்தது, 2025 மே மாதம் ஜி7 பிளஸ் வந்தது. பின்னதில் பைலட் மயங்கிவிட்டால் பயணி பொத்தானை அழுத்தினால் தானாகத் தரையிறங்கும் வசதி இருக்கிறது. வரிசையில் நின்றவர்களுக்கு அந்த மாதிரி அறிவிப்பு மகிழ்ச்சியும் தரும், பில்லையும் கூட்டும்.

எந்தெந்த வசதிகள் வேண்டும் என்று முடிவு செய்யும் கடைசி நாள் டெலிவரிக்குச் சில மாதம் முன்பு வரும். அதற்குப் பின் மாற்றினால் வரிசையில் பின்னுக்குப் போவீர்கள் அல்லது பணம் கட்டுவீர்கள். நிறத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில் எடையைப் பாருங்கள், ஏனென்றால் நான்கைந்து ஆண்டு உங்களோடு பறக்கப்போவது எடைதான். எஸ்ஆர்22இன் அதிகபட்ச டேக்ஆஃப் எடை 3,600 பவுண்டு. ஏசி, பனிநீக்கும் டிகேஎஸ் அமைப்பு, மற்ற வசதிகள் எல்லாம் சேர்த்து வெற்று எடை 2,400 என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,200. டேங்க் நிறைய 92 கேலன் பெட்ரோல் ஊற்றினால், கேலனுக்கு 6 பவுண்டு வீதம் 552. டிகேஎஸ் திரவம் 8 கேலன், கேலனுக்கு ஒன்பது பவுண்டுக்குச் சற்று மேல், ஆக 73. மிச்சம் 575 பவுண்டு. 175 பவுண்டு ஆட்கள் மூன்று பேர், 50 பவுண்டு பெட்டி, அவ்வளவுதான். நான்கு பேர் போக வேண்டுமா? 60 கேலனோடு கிளம்புங்கள். 767 பவுண்டு கிடைக்கும், நான்கு பேருக்கு 700 போக 67 பெட்டிக்கு. மணிக்கு 17 கேலன் என்றால் மூன்றரை மணி நேர எரிபொருள். கருவி பார்த்துப் பறப்பதற்கான ஐஎஃப்ஆர் விதிப்படி 45 நிமிடம் ஒதுக்கி வைத்தால் பயணத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம். ஹூஸ்டனுக்கும் ஆஸ்டினுக்கும் தாராளம், டென்வருக்கு நடுவில் ஓரிடத்தில் இறங்க வேண்டும்.

டெக்சஸ் வெயிலில் ஏசி வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். டிகேஎஸ் விஷயத்தில் யோசியுங்கள். இறக்கை விளிம்பில் உள்ள நுண்துளைத் தகடுகள் வழியே கிளைக்கால் கலந்த திரவம் கசிந்து பனியைப் பிடிக்கவிடாது. வடக்கே குளிர்காலத்தில் பறப்பவருக்கு அது உயிர். டாலஸைச் சுற்றியே பறப்பவருக்கு ஆண்டில் பத்து நாள் உதவும்; மீதி நாளெல்லாம் எடையாகவும், ஹேங்கர் தரையில் சொட்டும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். மாதம் ஒருமுறை ஓட்டித் தகடுகளை ஈரமாக வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் மறுவிற்பனையில் அது இல்லாத எஸ்ஆர்22ஐ வாங்குபவர் குறைவு. அதற்காகவே போட்டுக்கொள்வதும் ஒரு நியாயமான முடிவு.

பணம். கடன் தருபவர்கள் வட்டி விகிதத்தை ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் பிடித்து வைக்கமாட்டார்கள். அதனால் இப்போது முன்ஒப்புதல் மட்டும் போதும், வட்டியைப் பூட்டுவது தொழிற்சாலை உறுதியான தேதி கொடுத்த பிறகு. இன்றைய வட்டியைவிட இரண்டு சதவீதம் கூடினாலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டெக்சஸ் பயன்பாட்டு வரி 6.25 சதவீதம், உள்ளூர் வரியோடு 8.25 வரை போகும். டெலிவரி டென்னசியில் நடந்தாலும் விமானம் வசிக்கப்போவது டெக்சஸில், அதனால் தப்பிக்கலாம் என்று எண்ணாதீர்கள். பத்து லட்சம் டாலர் விமானத்துக்கு அது 62,500 முதல் 82,500 டாலர். பலருடைய பட்ஜெட்டில் இந்த வரி எழுதப்படாமலே இருக்கும்.

விமானத்தின் முழு விலையையும் முதல் ஆண்டே வருமானத்தில் கழிக்கலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 2025 ஜனவரி 19க்குப் பின் வாங்கிய சொத்துக்கு 100 சதவீத போனஸ் தேய்மானம் சட்டத்தில் திரும்ப வந்திருப்பது உண்மை. அது சொந்தத் தொழிலில் பாதிக்கு மேல் பயன்படுத்துபவருக்கு. மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர், கிளையண்ட் மீட்டிங்குக்குச் சொந்த விமானத்தில் போனாலும் கழிக்க முடியாது. தொழில் இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எந்த ஆண்டில் விமானம் பயன்பாட்டுக்குத் தயாராகிறதோ அந்த ஆண்டில்தான் கழிவு. டிசம்பர் டெலிவரி ஜனவரிக்குப் போனால் கழிவும் ஒரு வருடம் போகும். 2013இல் வரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில், டிசம்பர் கடைசியில் ஜெட் வாங்கியவர் உடனே பறக்கவும் செய்தார். ஆனால் தனக்கு வேண்டிய மேசையும் திரைகளும் ஜனவரியில்தான் பொருத்தப்பட்டன, அவை இல்லாமல் தன் தொழிலுக்கு விமானம் உதவாது என்று அவரே சொல்லியிருந்தார். முந்தைய ஆண்டுக் கழிவு கிடைக்கவில்லை. ஆக, வரியை நம்பி டிசம்பர் டெலிவரி கேட்பவர்கள் செப்டம்பர் தேதிக்கு முயற்சி செய்வது நல்லது.

இன்சூரன்ஸுக்கு டெலிவரிக்கு நான்கு மாதம் முன்பு புரோக்கரைப் பாருங்கள், ஒரே ஒருவரை. ஒரே விமானத்துக்கு இரண்டு புரோக்கர்கள் ஒரே கம்பெனியிடம் போனால் முதலில் கேட்டவருக்கே விலை கொடுப்பார்கள், மற்றவர் கதவு மூடிவிடும். அவர்கள் பார்ப்பது மொத்த மணி நேரம், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதே மாடலில் பறந்த நேரம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் முடித்து, வாடகை எஸ்ஆரில் 30, 40 மணி நேரம் சேர்த்திருந்தால் பேச்சே மாறும். இல்லாவிட்டால் முதல் 10 முதல் 25 மணி நேரம் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நிபந்தனை வரலாம், அவருடைய சம்பளம் உங்கள் கணக்கு. பத்து லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு என்று எழுதியிருந்தால் அதற்குள் ஒரு பயணிக்கு ஒரு லட்சம் மட்டும் என்ற உள்வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த உள்வரம்பைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள் அநேகம். பாலிசி தொடங்கும் நேரம், உரிமை மாறும் நிமிடத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

ஹேங்கருக்கு இன்றே பெயர் கொடுங்கள். பெரிய நகரங்களைச் சுற்றிய விமான நிலையங்களில் காத்திருப்புப் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீளும். மூன்று நான்கு விமான நிலையங்களில் பெயர் எழுதுங்கள். இறக்கை அகலம் 38 அடி 4 அங்குலம். 40 அடிக் கதவு என்றால் ஒவ்வொரு பக்கமும் 10 அங்குலம்தான் இடைவெளி. கதவு முழுதாகத் திறந்த நிலையில் டேப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கள், விளம்பரத்தில் போட்ட அளவை நம்பாதீர்கள்.

டெலிவரி டென்னசியின் நாக்ஸ்வில்லில், சிர்ரஸின் மையத்தில் நடக்கும். அங்கே உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவது இயல்பு. அதனால் கூடவே அனுபவமுள்ள மெக்கானிக்கையோ சிர்ரஸ் பயிற்சியாளரையோ அழைத்துப் போங்கள். பெயின்டை ஹேங்கர் விளக்கில் பார்க்காமல் வெளியே வெயிலில் பாருங்கள். கதவுகளின் மேல் தாழும் கீழ் தாழும் இரண்டும் விழுகின்றனவா, காற்று புகும் சத்தம் வருகிறதா என்று பறக்கும்போது கவனியுங்கள். டிகேஎஸ் போட்டிருந்தால் தரையிலேயே ஓட்டி, எல்லாத் தகடுகளும் சீராக நனைகின்றனவா என்று பாருங்கள். வறண்ட பட்டை தெரிந்தால் உள்ளே காற்று அடைப்பு. எஞ்சின் நிமிடத்துக்கு 1,700 சுற்றில் ஓடும்போது, தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் சுற்று 150க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 75க்கு மேல் போகக் கூடாது. இரண்டாம் ஆல்டர்னேட்டர், இரண்டாம் பேட்டரி, வேகம் அளக்கும் பிடோ குழாயின் ஹீட்டர், ஆட்டோபைலட் ஒரு ஐஎல்எஸ்ஸையும் (ஓடுதளத்துக்கு வழிகாட்டும் ரேடியோ சிக்னல்) ஒரு ஜிபிஎஸ் அப்ரோச்சையும் முழுதாகப் பிடித்து வருகிறதா என்பது எல்லாம் ஏற்புப் பறப்பில் பார்க்க வேண்டியவை. பறந்து முடித்ததும் விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி பற்றிய எஃப்ஏஏ அறிக்கையை இணையத்தில் கேட்டு வாங்கலாம். தவறான அடையாளக் குறி இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். கையெழுத்துக்கு முன் சரிசெய்ய வேண்டியவை, பிறகு வாரன்டியில் செய்யலாம் என்பவை. இரண்டாம் வகைக்குத் தேதியோடு எழுத்தில் உறுதி வாங்குங்கள். பணம் அதுவரை எஸ்க்ரோவில், அதாவது நடுநிலையான மூன்றாமவர் கணக்கில், இருக்கட்டும். உரிமை மாறிய பிறகு பேரம் பேசும் பலம் பாதியாகிவிடும்.

காகிதங்களில் ஏர்வொர்தினஸ் சான்றிதழ், அந்த விமானத்தின் வரிசை எண்ணுக்கான பைலட் கையேடு, உண்மையில் தராசில் எடுத்த எடைச் சமநிலைத் தாள், உபகரணப் பட்டியல், விமானம், எஞ்சின், ப்ரொப்பெல்லர் மூன்றுக்கும் லாக்புக் ஆகியவற்றைச் சரிபாருங்கள். மேலே போட்ட எடைக் கணக்கை அந்தத் தாளின் எண்ணை வைத்து மறுபடி போடுங்கள். பதிவுக்கு விண்ணப்பித்த நகலை வைத்து நாட்டுக்குள் பறக்கலாம், கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போக முடியாது. டொரன்டோவில் உறவினர் கல்யாணத்துக்குப் புது விமானத்தில் போகும் திட்டம் இருந்தால் நிரந்தரப் பதிவு கைக்கு வரும்வரை ஒத்திப்போடுங்கள். ஆபத்துக்கால ஒலிபரப்பியை நோவாவிடம் (NOAA என்ற அரசு நிறுவனம்) பதிவு செய்வது இலவசம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முதல் ஆண்டுப் பரிசோதனைக்கான 12 மாதம் ஏர்வொர்தினஸ் சான்றிதழின் தேதியிலிருந்து ஓடுகிறது. விமானம் டுலூத்திலேயே இரண்டு மாதம் நின்றிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது பத்து மாதம்தான்.

நாக்ஸ்வில்லிலிருந்து டாலஸ் சுமார் 660 நாட்டிகல் மைல். ஸ்மோக்கி மலைகள் கிழக்கே இருப்பதால் உங்கள் வழியில் வராது. மேற்கே போகும்போது எதிர்க்காற்றுதான் தொல்லை. மெம்ஃபிஸ் பக்கம் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். கோடையில் பிற்பகல் இடிமழைக்கு முன் தரையில் இருக்கும்படி காலையில் கிளம்புங்கள். மறுநாள் ஆபீஸ் இருக்கிறது என்ற நெருக்கடியோடு புது விமானத்தில் புதுப் பைலட் கிளம்புவது ஆபத்தானது. ஒரு வாரம் விடுப்பு எடுங்கள், மோசமான வானிலைக்கும் சேர்த்து.

இப்போது, புது விமானத்திலேயே ஏன் பழகக் கூடாது என்ற விஷயம். புது எஞ்சினின் சிலிண்டர் சுவரும் பிஸ்டன் வளையமும் ஒன்றோடொன்று தேய்ந்து படிய வேண்டும். அதற்கு வளையத்தைச் சுவரோடு அழுத்தும் உள்ளழுத்தம் வேண்டும், அது அதிக பவரில் மட்டுமே கிடைக்கும். 75 சதவீதமோ அதற்கு மேலோ வைத்து நீண்ட தூரம் பறப்பது எஞ்சினுக்கு நல்லது. ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி இறங்கிப் பழகினால் பவர் கூடும், குறையும், பாதி நேரம் ஐடிலில் இருக்கும். சுவரில் எண்ணெய் வெந்து கண்ணாடிபோல் படிந்துவிடும்; பிறகு வளையம் படியாது, எஞ்சின் ஆயுள் முழுக்க எண்ணெய் குடிக்கும். தீர்வு என்றால் சிலிண்டரைக் கழற்றி மறுபடி தீட்டுவதுதான். டேக்ஆஃப், லேண்டிங் பழக்கமெல்லாம் வாடகை விமானத்தில் முடிந்திருக்க வேண்டும் என்று சொன்னதன் காரணம் இது. தொழிற்சாலைப் பயிற்சியில் தேவையான லேண்டிங்குகள் தவிர முதல் 25 மணி நேரத்தை நீண்ட பயணங்களாகவே பறந்துவிடுங்கள்.

அந்த 25 மணி நேரமும் சேர்மானம் இல்லாத மினரல் எண்ணெய்தான் போட வேண்டும். சேர்மானம் கலந்த வழக்கமான ஆஷ்லெஸ் எண்ணெய் தேய்மானத்தைத் தடுத்துவிடும். ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் எத்தனை குவார்ட் ஊற்றினீர்கள், எத்தனை மணி நேரத்தில் என்று எழுதி வையுங்கள். எண்ணெய் குடிக்கும் அளவு மெல்ல இறங்கி ஒரு நிலையில் நின்றால் வளையம் படிந்துவிட்டது, சிலிண்டர் வெப்பமும் அப்போது சற்றே குறையும். 25 மணி நேரத்தில் எண்ணெயை மாற்றும்போது ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புது எஞ்சினில் பொடியாக மினுக்கும் துகள் வரும். கண்ணால் எண்ணக்கூடிய அளவில், காந்தத்தில் ஒட்டும் சில்லுகள் வந்தால் பறக்காதீர்கள், படம் எடுத்து வாரன்டிக்காரருக்கு அன்றே அனுப்புங்கள்.